வார்சா... வழி: விழுப்புரம் ஜங்ஷன்!

திண்டிவனத்தில் பஸ் ஏறி, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரராவது இருப்பார். காவி வேட்டி, கழுத்தில் ருத்ராட்சம், மடியில் ஒரு பெரிய பை. செஞ்சிக்கோட்டை தெரிந்ததும் குனிந்து எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்... 2025 ஜூலையில் யுனெஸ்கோவே அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தாச்சு! ஆனால், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மேல்சித்தாமூருக்கு ஒரு ரோடு பிரிகிறதே... அந்தப் பக்கம் அவரும் திரும்புவதில்லை, நாமும் திரும்புவதில்லை.

தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிற ஊர் அது. பெரிய பார்சுவநாதர் கோயில். இன்னொரு பக்கம் மலைநாதர் கோயிலில், பாறையிலேயே தீர்த்தங்கரர்களையும் பாகுபலியையும் அம்பிகா யட்சியையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலான வேலை. ‘ஜெயின்’ என்றால் நமக்கெல்லாம் சௌகார்பேட்டை சேட்டுதான் ஞாபகத்துக்கு வருவார். இவர்களோ வீட்டில் தமிழ், வயலில் தமிழ் என்று தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்கிற நயினார்கள். சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர் இவர்கள் சமயத்துக்காரர்தான். பக்கத்து ஊர்க்காரனுக்கே இது தெரியாது. பஸ்ஸில் இருக்கிற வெள்ளைக்காரருக்கு யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

இதே கேள்வியைத் தன் நாட்டுக்காகக் கேட்டுக்கொண்டு, மெட்ராஸில் உட்கார்ந்து அதற்கு வேலையும் செய்து காட்டிய ஒரு போலந்துப் பெண்மணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் போலந்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. 1795-லிருந்து 1918 வரை, முழுசாக 123 வருஷம், ஐரோப்பா மேப்பில் அப்படி ஒரு நாடே கிடையாது! ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து கேக் வெட்டுகிற மாதிரி பங்கு போட்டுக்கொண்டன. நாடு போனபிறகு கையில் மிச்சமிருந்தது பாட்டும் கவிதையும்தான். ‘நாங்க இன்னும் இருக்கோம்’ என்பதை ஊர் ஊராகப் போய் அதை வைத்துத்தான் சொன்னார்கள். பியானோ மேதை ஷோப்பான் 1849-ல் பாரிஸில் இறந்தார். உடம்பைப் பாரிஸிலேயே அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் ஒரு ஜாடியில் போட்டு, அவருடைய அக்கா வார்சாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அது இன்றைக்கும் அங்கே ஒரு சர்ச் தூணுக்குள் இருக்கிறது.

இன்னொரு பியானோக்காரர் படெரெவ்ஸ்கி. அமெரிக்கா முழுக்கக் கச்சேரி செய்து, கச்சேரிக்கு நடுவே தன் நாட்டுக்காகப் பேசிப் பேசியே ஆதரவு திரட்டியவர். 1919-ல் சுதந்திரப் போலந்தின் பிரதமராகவே ஆகிவிட்டார். சினிமாக்காரர் முதலமைச்சர் ஆவதை 1977-லேயே பார்த்துவிட்ட நமக்கு இது ஒன்றும் ஆச்சரியமில்லை!

இப்போது நம்ம கதாநாயகிக்கு வருவோம். பெயர் வாண்டா டைனோவ்ஸ்கா. 1888-ல் பிறந்தவர். போலந்தில் பிரம்மஞான சபையைக் கட்டி வளர்த்த பெண்மணி. 1935-ல் இந்தியாவுக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான்... இங்கேயே தங்கிவிட்டார். காந்தி, ரமணர் என்று இரண்டு பேரிடமும் பக்தி. பெயரும் உமாதேவி ஆகிவிட்டது. ரமணாசிரமத்து உரையாடல் குறிப்புகளில் ‘போலந்துப் பெண்மணி உமாதேவி’ வந்து கேள்வி கேட்கிறார். அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து ரயிலில் திருவண்ணாமலை போகிறவர்கள் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, காட்பாடி பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். போலந்துக்கும் தமிழுக்கும் நடுவே ஒரு லைன் போட்டதும் இந்த மாதிரி ஆசாமிகள்தான்.

அவருக்குக் கூட்டாளி மாரிஸ் ஃப்ரீட்மன். வார்சாக்காரர்; என்ஜினீயர். மைசூர் சமஸ்தானத்தின் எலெக்ட்ரிக் ஃபாக்டரியை நடத்த பெங்களூர் வந்து, காந்திக்கு ராட்டை வடிவமைத்துக் கொடுக்கிற அளவுக்குப் போனவர். இவர்கள் இருவருமாகச் சேர்ந்து 1944-ல் ‘போலந்து-இந்திய நூலகம்’ என்று ஒரு பதிப்பகம் ஆரம்பித்தார்கள். மெட்ராஸிலிருந்து புத்தகங்கள் வர ஆரம்பித்தன. நோக்கம் ரொம்ப சிம்பிள்: இந்தியாவுக்குப் போலந்தைக் காட்டுவது, போலந்துக்கு இந்தியாவைக் காட்டுவது.

1944 என்கிற வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த ஆகஸ்டில்தான் வார்சா மக்கள் ஹிட்லர் படையை எதிர்த்துக் கிளம்பினார்கள். 63 நாள் சண்டை. தோற்றதும் ஜெர்மானியர்கள் தெருத் தெருவாக நகரத்தைத் தீ வைத்துத் தகர்த்தார்கள். க்ராசின்ஸ்கி நூலகத்தில் பாதுகாத்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளையும் பழைய புத்தகங்களையும் வேண்டுமென்றே கொளுத்தினார்கள். ஒரு தேசத்தின் நூலகம் அங்கே சாம்பல். அதே வருஷம் அந்தத் தேசத்துப் பெண் ஒருத்தி இங்கே நம்மூரில் ஒரு ‘நூலகத்’தைத் தொடங்குகிறாள். சொந்த பந்தம், வீடு, ஊர் எல்லாம் அங்கே என்ன ஆச்சோ என்கிற நேரத்தில்!

அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, போலந்துக் கவிதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தது. ‘தி ஸ்கார்லெட் மியூஸ்’ என்று பெயர். தனியாகச் செய்யவில்லை. ஹரிச்சந்திர பட் என்கிற குஜராத்திக் கவிஞரைக் கூடச் சேர்த்துக்கொண்டார். இங்கேதான் அந்த அம்மாவின் புத்திசாலித்தனம். ‘எங்க நாடு பெருசு, எங்க நாடு பழசு’ என்று நோட்டீஸ் அடித்து விநியோகிக்கவில்லை. கேட்கிறவன் ஊர்க் கவிஞனையே பக்கத்தில் உட்காரவைத்து, அவன் காதுக்கு எது இனிக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. வாங்கின கையோடு திருப்பியும் கொடுத்தார். கீதையைப் போலிஷில் கொண்டுவந்தார். இந்தியக் கவிதைகளைப் பல தொகுதிகளாகப் போட்டார். 1958-ல் திருக்குறளும் போலிஷில் வந்துவிட்டது! அச்சுக் கோத்தவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. போலிஷுக்கும் ஆங்கில எழுத்துதான். ஆனால், ‘ஏ’வுக்குக் கீழே ஒரு வால், ‘எல்’லுக்குக் குறுக்கே ஒரு கோடு, ‘இஸட்’டுக்கு மேலே ஒரு புள்ளி என்று வாலும் கொம்புமாக இருக்கும். ஒரு வார்த்தைகூடப் புரியாத பாஷையை மெட்ராஸ் அச்சகத்தில் ஈய எழுத்தில் கோப்பது சும்மா இல்லை சாமி!

இன்றைக்கு ‘கலாசாரப் பரிமாற்றம்’ என்று நடக்கிறதே... ஏ.சி. ஹால், பொன்னாடை, தூதரக அதிகாரியின் பேச்சு, நாலு டான்ஸ், கடைசியில் சமோசா. மறுநாள் என்ன ஞாபகம் இருக்கிறது? சமோசா! குறை சொல்லவில்லை, அதுவும் வேண்டியதுதான். ஆனால், ஒருத்தர் உட்கார்ந்து பல வருஷம் மொழிபெயர்த்தால் நடக்கிற காரியமே வேறு. உமாதேவி 1971-ல் மைசூரில் இறந்தார். கடைசிக் காலத்தில், தன்னைப் போலவே நாட்டை இழந்த திபெத் அகதிகளுக்காக உழைத்தார்.

புத்தகம் ஒன்று எங்கே போய் யாரைத் தொடும் என்று சொல்லவே முடியாது. அதே யுத்தக் காலத்தில், போலந்துக் கிராமம் ஒன்றில் ஒளிந்து வாழ்ந்த ஒரு பையனுக்கு அவன் அம்மா ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். பால் பிரண்டன் எழுதியது. அதில் ரமணரும் திருவண்ணாமலையும் வருகிறார்கள். படித்த பையன் பெயர் ஜெர்ஸி க்ரோட்டோவ்ஸ்கி. பின்னாளில் உலக நாடக மேடையைப் புரட்டிப் போட்டவர். ஓபோலே என்கிற சின்ன ஊரில், சின்ன ஹாலில் தொடங்கினார். 1960-லேயே அங்கே சாகுந்தலம் போட்டார். செட் வேண்டாம், லைட் ஜாலம் வேண்டாம், மேக்கப் வேண்டாம். நடிகன் இருந்தால் போதும், எதிரே ஜனம் இருந்தால் போதும் என்றார். விழுப்புரம் பக்கத்துக் கூத்து வாத்தியார் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ‘இதைச் சொல்ல போலந்துலேர்ந்து வரணுமா?’ என்பார். மேக்கப் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார்!

1969-ல் நியூயார்க் வரை போய் நாடகம் போட்ட குழு அது. போலந்து என்றால் உலகம் திரும்பிப் பார்த்ததற்கு அவரும் ஒரு காரணம். 1999-ல் இத்தாலியில் இறந்தார். அவர் ஆசைப்படி, அஸ்தியைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து அருணாசல மலையில் தூவினார்கள்.

சரி, மேல்சித்தாமூருக்கு வருவோம். சிந்தாமணியை உ.வே.சா. அச்சில் கொண்டுவந்தது 1887-ல். சைவரான அவர், கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் பணிவாகக் கேட்டுக் கேட்டுத்தான் அதன் பொருளைத் தெரிந்துகொண்டார். அதே நூலின் முதல் பகுதியை அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ரயான் ஆங்கிலத்தில் புத்தகமாகக் கொண்டுவந்தது 2005-ல். நடுவில் நூற்றுப் பதினெட்டு வருஷம்! மடத்து ஓலைச் சுவடிகளோ ரயானுக்காகவும் காத்திருக்காது, நமக்காகவும் காத்திருக்காது. பூச்சிக்குப் பாரம்பரியம் தெரியாது.

ஆபீஸில் உங்களுக்கு வெளிநாட்டு கிளையன்ட் யாராவது இருப்பார். ‘உங்க ஊர் எது, அங்கே என்ன விசேஷம்?’ என்று பேச்சுவாக்கில் கேட்பார். ‘நியர் பாண்டிச்சேரி’ என்று சொல்லித் தப்பிக்கிற திண்டிவனம், விழுப்புரம் ஆசாமிகள் எத்தனை பேர்! அந்தப் பாறைச் சிற்பத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு, அவருக்குப் புரிகிற மாதிரி நாலு வரி சொல்லிப் பாருங்களேன். திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மதியம் போனால் நடை சாத்தியிருக்கலாம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.