மேலே கம்பி இல்லை, டிராம் ஓடுகிறது!

அலுவலக வேலையாக ஸ்பெயினின் சரகோசா நகருக்குப் போயிருந்தேன். முக்கியமான கிளையன்ட் மீட்டிங்குக்கு டிராமில் கிளம்பினேன். பழைய நகரப் பகுதியில் பார்த்தால், மேலே மின்கம்பியையே காணோம்! நடுவழியில் நின்றுவிட்டால் மீட்டிங் என்னாவது?

நிற்கவில்லை. ரகசியம் சூப்பர் கெபாசிட்டர். நம் மதர்போர்டில் இருக்கும் கெபாசிட்டரின் பெரிய அண்ணன் இது. பேட்டரி வேதிவினை மூலம் மின்சாரத்தைச் சேமிக்கிறது. இதுவோ மின்னேற்றமாகவே சேமிப்பதால், நிறுத்தத்தில் பயணிகள் ஏறி இறங்கும் சுமார் 20 விநாடிகளே சார்ஜ் ஆகப் போதும். பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரமும் இதில் சேர்கிறது. கொள்ளளவு குறைவுதான், ஆனால் அடுத்த நிறுத்தம் வரை போனால் போதுமே! 2013 முதல் முழுமையாக ஓடும் இந்தப் பாதையில், சுமார் 2 கி.மீ. இப்படித்தான் கடக்கிறது.

மீட்டிங்குக்குச் சரியான நேரத்தில் போய்விட்டேன். சார்ஜ் தீர்ந்து படுத்துவிட்டது என் லேப்டாப்தான்!