கொரோனா பரீட்சை எழுதிய செங்காந்தள்!

நம்ம தமிழ்நாட்டின் மாநிலப் பூ கொரோனாவோடு மல்லுக்கட்டிய கதை தெரியுமா உங்களுக்கு? கபசுரக் குடிநீரை நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அதே 2020-ல், செங்காந்தளில் இருக்கும் ஒரு சரக்கு கனடாவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பெயர் கோல்சிசின். வாங்க, திரைக்குப் பின்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்!

வயலுக்குள்ளே...

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். கலப்பை போல வளைந்த கிழங்கை நட்டு, கொடியைக் கம்பியிலும் கிளுவையிலும் ஏற்றிவிடுகிறார்கள். பூ விரிந்ததும்தான் வேடிக்கை. இந்தப் பூவுக்குச் சூலகத்தண்டு நேராக நிற்காது. மகரந்தத்தோடு கோபித்துக்கொண்டதுபோல ஒரு பக்கமாக மடங்கி விலகி நிற்கும். அப்புறம் காய் எப்படிப் பிடிக்கும்? காலையிலேயே ஆட்கள் இறங்கி, மகரந்தத்தைத் தொட்டுச் சூலகமுடியில் தடவிவிடுகிறார்கள். ஒவ்வொரு பூவுக்கும்! காய் முற்றினால் உள்ளே செக்கச்செவேலென்று விதைகள். காசு அந்த விதையில்தான். ஏற்றுமதிச் சரக்கு அது.

விதையைக் கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, சுத்திகரித்தால் கிடைக்கிற வெளிர்மஞ்சள் பொடிதான் கோல்சிசின். ஐரோப்பாவில் கோல்சிகம் என்ற செடியிலும் இது உண்டு. அதிலிருந்து 1820-ல் முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெத்தியே, கவந்தூ என்ற பிரெஞ்சுக்காரர்கள். அதே வருஷம் அதே ஜோடி, மலேரியா மருந்தான குயினைனையும் பிரித்துக் காட்டியது. என்ன வருஷம் பாருங்கள்!

யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்கும் ‘கவுட்’ வலிக்கு டாக்டர்கள் இன்றும் எழுதித் தருவது இதைத்தான். விதையில்லாத் தர்பூசணிக்குத் தாய்ச்செடி உருவாக்குவதற்கும் இதே பொடிதான் உதவுகிறது.

செல்லுக்குள்ளே...

இங்கேதான் ட்விஸ்ட். கொரோனா வந்ததும் மருத்துவர்கள் கோல்சிசினைக் கையில் எடுத்தது வைரஸைக் கொல்வதற்காக இல்லை! கொரோனா முற்றியவர்களில் பலரைச் சாய்த்தது, வைரஸைக் கண்டு வெறிகொண்ட உடம்பின் சொந்த அழற்சி. வெள்ளணுக்கள் கும்பலாக நுரையீரலுக்கு ஓடிவந்து கொளுத்திப் போடுகின்றன. அவை ஓட, செல்லுக்குள் நுண்குழல்கள் தண்டவாளம்போல நீள வேண்டும். அந்தத் தண்டவாளத்துக்கான இரும்பு, டியூபுலின் என்ற புரதம். கோல்சிசின் போய் டியூபுலினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான், ரயில் மறியல்! கவுட் வீக்கம் அடங்குவதும் இதனால்தான். அப்படியென்றால் நுரையீரலிலும் இந்த வேலை நடக்காதா என்று மருத்துவர்களுக்கு ஆசை வந்ததில் தப்பில்லையே.

பரீட்சை ஹாலுக்குள்ளே...

2020 மார்ச்சிலேயே மான்ட்ரியல் இதய நிறுவனம் ‘கோல்கொரோனா’ ஆய்வைத் தொடங்கிவிட்டது. நோயாளி ஆஸ்பத்திரிக்கே வர வேண்டாம். மருந்து வீட்டு வாசலுக்கு வரும். 15-ம் நாளும் 30-ம் நாளும் போன் வரும். பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, பாதிப் பேருக்கு டம்மி. எது யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மொத்தம் 4,488 பேர்.

2021 ஜனவரியில் மேளதாளத்தோடு அறிக்கை வந்தது. டம்மி சாப்பிட்டவர்களில் 5.8 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள்; அசல் சாப்பிட்டவர்களில் 4.7 சதவீதம். விசில் அடிக்கலாமா? பொறுங்கள்! புள்ளியியல்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. போதாததற்கு, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு ஏறக்குறைய இரட்டிப்பு.

அடுத்தது பெரிய பரீட்சை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ‘ரெகவரி’ ஆய்வு. பிரிட்டனோடு நேபாளம், இந்தோனேசியா ஆஸ்பத்திரிகளும் சேர்ந்துகொண்டன. படுக்கையில் கிடந்த 11,340 நோயாளிகளைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் வழக்கமான சிகிச்சையோடு கோல்சிசின். இன்னொரு பக்கம் வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளுக்குள் இறந்தவர்கள் கோல்சிசின் பக்கம் 21 சதவீதம். இன்னொரு பக்கம்? அங்கேயும் அதே 21 சதவீதம்! 2021 மார்ச்சில் கோல்சிசின் கடையைக் கட்டினார்கள்.

ரிசல்ட்: ஃபெயில்!

ஆனாலும் செங்காந்தளுக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். இத்தனை ஆயிரம் பேர் முன்னிலையில், ஒளிவுமறைவில்லாமல் பரீட்சை எழுதி மார்க் வாங்கிய தாவரச் சரக்கு கொரோனா காலத்தில் ரொம்ப அபூர்வம். ஏராளமான மூலிகைகள் கம்ப்யூட்டர் திரையிலும் கண்ணாடித் தட்டிலும் கொரோனாவை ஜெயித்ததோடு நின்றுவிட்டன. ‘இந்த இலை வைரஸைக் கொல்லும்’ என்று அடுத்த முறை வாட்ஸ்அப்பில் வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? கொடுக்காமல் விட்டவர்கள் எப்படி இருந்தார்கள்?

கடைசியாக ஒன்று, இது மட்டும் சீரியஸ். கண்வலிக்கிழங்குச் செடியில் வேர் முதல் விதை வரை எல்லாமே விஷம். மருந்தாகும் அளவுக்கும் உயிரைக் குடிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பூவைக் கண்ணால் பார்த்து ரசியுங்கள். கிழங்கையோ விதையையோ வாயில் வைக்காதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தெரியாமல் யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.