பூட்டிய பின்கதவு யாருக்கு?

வசதியுள்ளவர் பிரசவத்துக்குக் காரில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பி வருவது பெரும்பாலும் நம் காலனிப் பெண்களும் கூலிவேலைப் பெண்களும்தான். ஆகவே அந்தக் கட்டடத்தின் தீப் பாதுகாப்பு நம் உரிமைப் பிரச்சினை.

2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் சிக்கினர். 28 பேர் இறந்தனர். 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா அரசு மருத்துவமனையில் 10 பச்சிளங் குழந்தைகளைத் தீ பறித்தது. தீ எல்லோருக்கும் பொதுதான். தப்பும் வழிதான் பொதுவாக இல்லை.

அடுத்த முறை போகும்போது பார்ப்போம். தீயணைப்பு சிலிண்டரில் சோதனைத் தேதி எழுதிய சீட்டு இருக்கிறதா? பின்கதவைப் பழைய கட்டில் அடைத்திருக்கிறதா? ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் ஒயர் தொங்குகிறதா?

செவிலியரிடம் சண்டை வேண்டாம். இரவில் அவரும் அங்கேதான் இருக்கிறார். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவைப் படிக்கும் பிள்ளைகள் எழுதட்டும். வந்த பதிலைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானம் கேட்போம்.

சுடுகாட்டுப் பாதைக்கும் குடிதண்ணீருக்கும் போராடிய நாம், இந்தக் கதவையும் கேட்டுத் திறக்க வேண்டும்.