ரேஷன் பருப்புக்கு அப்பால்: கொள்ளும் தட்டப்பயிறும் கேட்டுப் பெற வேண்டிய உணவு

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் சொச்சம்தான் வரும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டியோ பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது. வசதி உள்ளவர்கள் இந்த இடைவெளியைக் கடையில் வாங்கி நிரப்பிக்கொள்வார்கள். நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு அதை நிரப்ப எளிதில் அகப்படுவது அரிசிதான். வயிறு நிறைந்தும் இரத்தம் ஊறாத நிலைக்கு இதுவும் ஒரு காரணம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இது 57 சதவீதம்.

இந்தக் குறையைத் தீர்க்க உதவும் உணவு வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்கால் எட்டாத சேலம், நாமக்கல் மேட்டுக்காடுகளில் சோளத்தோடு ஊடுபயிராக அவரையும் தட்டையும் துவரையும் விதைப்பதும், ஐப்பசி ஈரத்தில் கொள்ளு தெளிப்பதும் பழைய வழக்கம். நூறு கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதமும் 250 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் உண்டு. தீட்டிய அரிசியில் புரதம் எட்டு கிராமைத் தாண்டாது. தட்டப்பயிறும் மொச்சையும் புரதத்தில் கொள்ளுக்கு அருகில் நிற்பவை. இவற்றில் ஃபோலேட் சத்தும் நார்ச்சத்தும் உள்ளன. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் தாராளம். பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியிலும் சோளத்திலும் உண்டு. ஆகவே சோற்றோடு கொள்ளும்பருப்பும், களியோடு தட்டப்பயிற்றுக் குழம்பும் சேரும்போது புரதத்தின் தரமே உயர்கிறது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பழைய ரகம் என்பதாலேயே அதில் சத்து கூடிவிடாது. பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கொள்ளு ரகங்களும் நல்ல உணவே. நாட்டு ரகத்தின் பலம், உரமும் பாசனமும் அதிகம் கேட்காமல் ஊர் மண்ணிலேயே விளைந்து, தோலோடு முழுப்பயறாகத் தட்டுக்கு வருவதில்தான் இருக்கிறது.

முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் பயறு எதற்கு என்று கேட்கலாம். முட்டை அருமையான உணவு. குழந்தைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் முட்டையில் நார்ச்சத்து இல்லை. நீரிழிவு பெருகிவரும் காலத்தில் அதைச் சிறிய குறையாகக் கொள்ள முடியாது. பயறு வாயு என்பது இன்னொரு தடை. அதில் உண்மை உண்டு: குடலில் செரிக்காத சில சர்க்கரைகளே அதற்குக் காரணம். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் பெருமளவு குறையும். முளைகட்டினால் இரும்புச்சத்தைத் தடுக்கும் பைட்டேட்டும் குறையும். தறிப்பட்டறை ஷிப்டுக்கு ஓடும் வீட்டில் இதற்கு நேரமேது என்ற கேள்வி நியாயமானது. படுக்கும் முன் ஊறப்போட்டுக் காலையில் குக்கரில் வைப்பது வரைதான் ஒரு குடும்பத்தால் முடியும். மற்றது அரசு செய்ய வேண்டியது.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. மொச்சையையும் ராஜ்மாவையும் அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். நன்றாகக் கொதிக்க வேண்டும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் பயறின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்; எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடும். கொள்ளுத்தண்ணீர் சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்ற பேச்சை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவு தீர்மானிக்க வேண்டும். விதைக்கென்று மருந்து கலந்து சாயமேற்றிய பயறு சமையலறைக்குள் வரவே கூடாது. வண்டுக்குப் பயந்து வீட்டுக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பது உயிரையே பறிக்கும். செம்மண் கட்டி வெயிலில் காயவைக்கும் முறையே வீட்டுக்குப் போதும். கடைப் பருப்பில் மெட்டானில் மஞ்சள் போன்ற தடைசெய்த சாயமும், கால்களை முடக்கும் கேசரிப் பருப்பும் கலக்கப்படுவதுண்டு. சந்தேகம் வந்தால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ரசீதில்லாமல் வாங்கினால் இந்த உரிமை வெறும் ஏட்டளவில் நின்றுவிடும்.

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பொது விநியோகப் பொருட்களைப் பலவகைப்படுத்தும் பொறுப்பை அரசுகளுக்குத் தருகிறது. கனடா மஞ்சள் பருப்புக்கு இடமளித்த தமிழ்நாட்டு ரேஷனில் நாமக்கல் கொள்ளுக்கு இடமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். மாநிலம் முழுக்கக் கொடுக்கப் போதிய விளைச்சல் இல்லை என்பார்கள். கொள்முதல் உறுதி இல்லாததால் விளைச்சல் குறைகிறது. அதையே காரணம் காட்டிக் கொள்முதலைத் தள்ளிப்போடுவது முறையல்ல. பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் ஏற்கனவே இடம்பெறும் சத்துணவிலிருந்து, ஒரு மாவட்ட அளவில் தொடங்கலாம். தொடக்கப்பள்ளிக் குழந்தையின் மதிய உணவில் 12 கிராம் புரதம் இருக்க வேண்டும் என்பது விதி. விதையைப் பொறுத்தவரை உழவருக்கு அச்சமே வேண்டாம்: பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், 2001, தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உரிமை தருகிறது; வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டுமே தடை.

ரேஷனில் பருப்பு வரவில்லை, எடை குறைகிறது என்றால் 1967 அல்லது 1800 425 5901 என்ற எண்ணில் புகார் பதியுங்கள்; தீராவிட்டால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். பள்ளிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சத்துணவிலும் ரேஷனிலும் உள்ளூர்ப் பயறு வேண்டும் என்று அங்கே தீர்மானம் கேளுங்கள். அது பதிவேட்டில் ஏறும் வரை எழுந்து வராதீர்கள்.