தோள் மூட்டு நழுவினால் அறுவைச் சிகிச்சை அவசியமா?

கபடி ஆடும்போதோ பைக்கிலிருந்து விழும்போதோ தோள் மூட்டு நழுவினால், மருத்துவமனையில் சேர்த்து வைத்து அனுப்பிவிடுகிறார்கள். வலி குறைந்ததும் நாமும் மறந்துவிடுகிறோம். அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்ற கேள்வி அதன் பிறகுதான் வருகிறது.

இடுப்பில் பந்து போன்ற எலும்பு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ அந்தக் கிண்ணம் தட்டு போலத்தான். கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிவதும் இதனால்தான், எளிதில் நழுவுவதும் இதனால்தான். பெரும்பாலும் முன்பக்கமாக நழுவும். அப்போது கிண்ணத்தின் விளிம்பிலுள்ள வளையம் கிழிந்து பிரிகிறது. 1923-ல் இதை விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் பாங்கார்ட்டின் பெயரால் இக்காயம் அழைக்கப்படுகிறது. மூட்டைச் சேர்த்துவிட்டாலும், கிழிந்த வளையம் பல சமயம் பழைய இடத்தில் ஒட்டுவதில்லை.

கனடாவில் 30 வயதுக்கு உட்பட்ட 40 பேரிடம் நடத்தி 1999-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஸ்லிங் கட்டி, பயிற்சி மட்டும் செய்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மீண்டும் நழுவியது. உடனே நுண்துளை அறுவைச் சிகிச்சை செய்தவர்களில் அது சுமார் 16 சதவீதம். அறுவைச் சிகிச்சையும் முழு உத்தரவாதமல்ல; அது இல்லாமலே பாதிப் பேர் தப்பியுமிருக்கிறார்கள். எனவே விளையாட்டை விட முடியாத 20 வயது இளைஞருக்கு அறுவைச் சிகிச்சையும், மேசை வேலை பார்ப்பவருக்கு முதலில் பிசியோதெரபியும் பொருந்தும் என்பது நம் கருத்து.

ஆனால் இரண்டு மூன்று முறை நழுவிய பிறகும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது சரியல்ல. ஒவ்வொரு முறையும் எலும்பு சேதமாகிறது. சேதம் அதிகமானால் வளையத்தைத் தைப்பது மட்டும் போதாது. தோளிலிருந்தே ஓர் எலும்புத் துண்டை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் திருகாணியால் பொருத்த வேண்டிவரும்.

40 வயதைத் தாண்டியவர்களின் கதை வேறு. மீண்டும் நழுவுவது குறைவு. கையைத் தூக்கும் தசைநார் கிழிவதே அதிகம். இரண்டு வாரம் கழித்தும் கை தூக்க வரவில்லையென்றால், வீக்கம்தான் காரணம் என்று இருந்துவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் தடவி இழுத்துவிடுபவர்களிடம் போவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. மேற்கையின் வெளிப்புறம் மரத்திருந்தால் நரம்பும் அடிபட்டிருக்கலாம். அந்த நிலையில் முரட்டுத்தனமாக இழுப்பது கையையே முடக்கிவிடக்கூடும்.

ஸ்லிங்கும் மாதக்கணக்கில் வேண்டாம். பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் போதும். அதற்கு மேல் போனால் தோள் இறுகிவிடும், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் சீக்கிரமாக.