கிண்ணம் தங்கியது, அணி கலைந்தது

1995ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி ஒஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் உதைபந்தாட்ட இறுதியாட்டம் நடைபெற்றது. முன்னைய ஆண்டின் வெற்றியாளரான இத்தாலியின் ஏ.சி. மிலான் கழகத்தை நெதர்லாந்தின் அஜாக்ஸ் கழகம் எதிர்கொண்டது. 85ஆவது நிமிடத்தில், மாற்று வீரராகக் களமிறங்கியிருந்த பதினெட்டு வயது பற்றிக் குளுவேர்ட் அடித்த ஒரேயொரு கோல் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்தது. கிண்ணம் அம்ஸ்ரர்டாம் நகருக்குச் சென்றது.

அன்றைய அஜாக்ஸ் அணி தற்செயலாக வென்ற அணி அன்று. அந்தப் பருவத்தில் நெதர்லாந்து லீக் போட்டிகளில் 34 ஆட்டங்கள் ஆடி, 27இல் வென்று, 7இல் சமநிலை கண்டு, ஒன்றிலேனும் தோற்காது முதலிடம் பெற்றது. ஐரோப்பியப் போட்டியிலும் அதற்குத் தோல்வி இல்லை. இறுதியாட்டத்துக்கு முன்னரே, முதற் சுற்றில் மிலானை இருமுறை வென்றிருந்தது. பயிற்றுநர் லூயி வான் காலின் கீழ், அணியின் பெரும்பான்மையினர் கழகத்தின் இளையோர் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து வந்தவர்கள். இந்த அணி இன்னும் பத்தாண்டுகள் ஐரோப்பாவை ஆளும் என்று பலர் எழுதினர்.

நான்கே ஆண்டுகளில் அந்த அணி இல்லாமற் போயிற்று. விபத்தோ பகையோ அதற்குக் காரணமன்று. எப்படிக் கலைந்தது என்பதை ஆராய்வது விளையாட்டுச் செய்தி என்ற எல்லையைக் கடந்த விடயமாகும். ஒரு கூட்டம் எதனால் கூட்டமாகிறது, அதிலிருந்து ஒருவர் விலகிச் செல்லும் உரிமை யாருடையது, வளர்த்துவிட்டவர்க்கு என்ன கடன் என்ற கேள்விகள் அதற்குள் அடங்கியுள்ளன.

பதின்மூவரின் கணக்கு

வியன்னாவில் அஜாக்ஸ் சார்பில் களத்தில் கால் பதித்தோர் பதின்மூவர். பந்துக்காப்பாளர் எட்வின் வான் டர் சார். பின்களத்தில் மைக்கல் றைசிகர், தலைவர் டனி பிளின்ட், பிராங்க் றைக்காட், பிராங்க் டி போர். நடுவே கிளாரன்ஸ் சீடோர்ப், எட்கார் டேவிட்ஸ், யாரி லிற்மனன். முன்னே பினிடி ஜோர்ஜ், றொனால்ட் டி போர், மார்க் ஒவர்மார்ஸ். மாற்று வீரர்களாக வந்தோர் நுவான்கோ கானுவும் குளுவேர்ட்டும்.

இப்பதின்மூவரை ஆண்டுவாரியாகப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

அந்த இறுதியாட்டத்துடனேயே 32 வயதான றைக்காட் ஓய்வு பெற்றார். அதே கோடையில் 19 வயது சீடோர்ப் இத்தாலியின் சம்டோரியா கழகத்துக்குச் சென்றார். எஞ்சியோர் பதினொருவர். ஓராண்டின் பின், 1996 மே 22 அன்று றோம் நகரில், அஜாக்ஸ் மீண்டும் இறுதியாட்டத்தை எட்டியது. ஆனால் வியன்னாவில் ஆட்டத்தைத் தொடங்கிய பதினொருவரில் எழுவர் மட்டுமே றோமில் தொடக்க அணியில் இருந்தனர். யுவென்டஸ் கழகத்துடன் 1-1 எனச் சமநிலை கண்டு, பெனால்ரி உதைகளில் அஜாக்ஸ் தோற்றது.

அந்தக் கோடையில் டேவிட்ஸும் றைசிகரும் மிலான் சென்றனர். பினிடி ஸ்பெயினின் றியல் பெற்றிஸ் கழகத்துக்கும் கானு இத்தாலியின் இன்ரர் மிலானுக்கும் சென்றனர். எஞ்சியோர் எழுவர். 1997இல் குளுவேர்ட் மிலானுக்கும் ஒவர்மார்ஸ் இங்கிலாந்தின் ஆர்சனலுக்கும் போயினர். பயிற்றுநர் வான் காலும் பார்சலோனாவின் அழைப்பை ஏற்றார். எஞ்சியோர் ஐவர். 1999 ஜனவரியில் டி போர் இரட்டையர் கழகத்துடன் முரண்பட்டுப் பார்சலோனா சேர்ந்தனர். எஞ்சியோர் மூவர். அவ்வாண்டுக் கோடையில் வான் டர் சார் யுவென்டஸுக்கும் லிற்மனன் பார்சலோனாவுக்கும் சென்றனர். தலைவர் பிளின்ட் ஓய்வு பெற்றார். எஞ்சியோர் எவருமில்லர்.

பதின்மூன்று, பதினொன்று, ஏழு, ஐந்து, மூன்று, பூச்சியம். இந்த இறங்குவரிசையுடன் லீக் அட்டவணையையும் வைத்துப் பார்க்கலாம். 1994, 1995, 1996 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து சம்பியனான அஜாக்ஸ், 1997இல் நான்காம் இடத்துக்கு இறங்கியது. 1998இல் ஒருமுறை மீண்டெழுந்து சம்பியனானது. 1999இல் ஆறாம் இடம்.

லக்சம்பேர்க்கில் ஒரு தீர்ப்பு

வீரர்கள் கழகம் மாறுவது புதிதன்று. 1971, 1972, 1973 என மூன்றாண்டுகள் தொடர்ந்து ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற முந்தைய அஜாக்ஸ் அணியிலிருந்தும் 1973இல் யொஹான் குறைவ் பார்சலோனா சென்றார். அடுத்த ஆண்டு யொஹான் நீஸ்கென்ஸ் அவரைத் தொடர்ந்தார். ஆயினும் அக்காலத்தில் கழகத்தின் கையில் ஒரு கடிவாளம் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வீரரை இன்னொரு கழகம் எடுப்பதாயின், பழைய கழகத்துக்குப் பணம் செலுத்த வேண்டும். பணம் இல்லையேல் மாற்றமும் இல்லை. ஒப்பந்தம் தீர்ந்தாலும் தொழிலாளி விடுபடாத விசித்திரமான தொழில் அது.

அந்தக் கடிவாளத்தை அறுத்தவர் ஜோன்-மார்க் பொஸ்மன் என்ற பெல்ஜிய வீரர். பெரும் புகழ் பெற்றவர் அல்லர். லியேஜ் நகரக் கழகத்துடனான அவரது ஒப்பந்தம் 1990இல் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் கழகம் கொடுக்க முன்வந்த ஊதியம் பழையதில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு. அவர் பிரான்சின் டன்கேர்க் கழகத்துக்குச் செல்ல விரும்பினார். அதற்குத் தேவையான சான்றிதழைப் பெறுவதற்குப் பழைய கழகம் முன்வராததால் அந்த மாற்றம் நிறைவேறவில்லை. அவர் நீதிமன்றப் படியேறினார்.

ஐந்து ஆண்டுகள் நீண்ட வழக்கு, லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தில் 1995 டிசம்பர் 15 அன்று முடிவுற்றது. வியன்னா வெற்றிக்கு ஏழு மாதங்கள்கூட முழுதாகக் கழிந்திருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் வேறோர் உறுப்பு நாட்டுக் கழகத்துக்குச் செல்ல எவருக்கும் பணம் செலுத்த வேண்டியதில்லை எனவும், ஒன்றியக் குடிமக்களை வெளிநாட்டவர் என எண்ணி அவர்தம் தொகையைக் கட்டுப்படுத்தலாகாது எனவும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை ஐரோப்பியப் போட்டிகளில் ஓர் அணி மூன்று வெளிநாட்டவரையும், நீண்டகாலம் அந்நாட்டில் ஆடிய மேலும் இருவரையும் மட்டுமே களமிறக்கலாம் என்ற விதி நிலவியது. செல்வந்தக் கழகங்களுக்கு அதுவே வேலியாக இருந்தது. அந்த வேலி ஒரே நாளில் சாய்ந்தது.

டேவிட்ஸ், றைசிகர், குளுவேர்ட் ஆகியோர் மிலான் சென்றபோது அஜாக்ஸுக்கு மாற்றுப்பணம் கிடைக்கவில்லை. பாலகராய் எடுத்து வளர்த்த கழகம் வெறுங்கையுடன் வழியனுப்பியது.

யாருக்குக் கதவு திறந்தது?

இவ்விடத்தில் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பொஸ்மன் தீர்ப்பின் அடித்தளம் ஐரோப்பிய ஒப்பந்தத்தின் தொழிலாளர் நடமாட்டச் சுதந்திரம். அந்தச் சுதந்திரம் மனிதர் என்பதால் வருவதன்று, குடியுரிமையால் வருவது. நைஜீரியரான பினிடியும் கானுவும் அதே சீருடை அணிந்து, அதே கிண்ணத்தை ஏந்தியவர்கள். ஆயினும் அத்தீர்ப்பு அவர்களுக்கு உரித்தானதன்று. அவர்கள் பணம் கொடுத்தே வாங்கப்பட்டனர்.

அதே அணியில் சீடோர்ப்பும் டேவிட்ஸும் பிறந்தது தென்னமெரிக்காவின் சுரினாமில். றைக்காட்டினதும் குளுவேர்ட்டினதும் தந்தையர் சுரினாமிலிருந்து வந்தவர்கள். நெதர்லாந்தின் குடியேற்ற நாடாயிருந்து 1975இல் சுதந்திரம் பெற்ற சுரினாமிலிருந்து, அக்காலப்பகுதியில் பெருந்தொகையானோர் நெதர்லாந்தில் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் டச்சுக் குடிமக்கள். எனவே அவர்களுக்குக் கதவு திறந்தது. ஒரே அணியில் ஒரே வயதினரான இளைஞர் இருவரில், ஒருவர் கையிலிருந்த கடவுச்சீட்டு அவரை விடுவித்தது. மற்றவர் கையிலிருந்தது விடுவிக்கவில்லை. காகிதங்களுக்காக அலுவலகங்களின் முன் வரிசையில் நின்று பழகிய நமக்கு இந்த வேறுபாட்டை எவரும் விளக்கத் தேவையில்லை.

பின்னர் இந்த எல்லை சிறிது அகன்றது. ஜேர்மனியில் ஆடிய சுலோவாக்கியக் கைப்பந்து வீரர் மரோஸ் கொல்பக் தொடர்பான 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஒன்றியத்துடன் இணக்க உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகளின் குடிமக்கள் சட்டபூர்வமாகத் தொழில் செய்யுமிடத்து, அவர்களைப் பாகுபடுத்தலாகாது என்றது. எனினும் முழுமையான நடமாட்டச் சுதந்திரம் அவர்களுக்கும் கிடைத்துவிடவில்லை.

பிடுங்கி நட்ட மண்ணில்

வாங்கியவர்கள் வென்றார்களா? அஜாக்ஸின் இளைஞர்களைச் சேர்த்த மிலான், 1997இல் இத்தாலிய லீக்கில் பதினோராம் இடத்தையும் 1998இல் பத்தாம் இடத்தையுமே பெற்றது. குளுவேர்ட் ஓராண்டில் அங்கிருந்து விலகினார். றைசிகரும் ஓராண்டே தங்கினார். டேவிட்ஸ் யுவென்டஸுக்குச் சென்ற பின்னரே தம் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தினார்.

இன்னும் வியப்பானது பார்சலோனாவின் கதை. 1999 கோடையில் றைசிகர், குளுவேர்ட், டி போர் இரட்டையர், லிற்மனன் என வியன்னாவின் பதின்மூவரில் ஐவர் அங்கு ஒன்றுகூடியிருந்தனர். பயிற்றுநரும் அதே வான் கால். 1998இலும் 1999இலும் ஸ்பானிய லீக்கை வென்றிருந்த அக்கழகம், இவ்வைவரும் முழுமையாகச் சேர்ந்திருந்த 1999-2000 பருவத்தில் ஒரு கிண்ணத்தையும் வெல்லவில்லை. வான் கால் பதவி விலகினார்.

ஆட்களை மீளச் சேர்த்தால் அணி மீளச் சேரும் என்பது உண்மையாயின், பார்சலோனாவில் அது நிகழ்ந்திருக்க வேண்டும். நிகழவில்லை. அஜாக்ஸில் எட்டு வயதுச் சிறுவரும் முதலணியினரும் ஒரே ஆட்டமுறையைப் பயின்றனர். ஒருவர் பந்தை எங்கு அனுப்புவார் என்பதை மற்றவர் பார்க்காமலே அறிந்தமைக்கு அந்த ஆண்டுகள் காரணம். அது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. எனவே எவராலும் அதை வாங்கவும் முடியவில்லை.

மறுபுறத்தில், கலைந்தபின் அஜாக்ஸ் அழிந்துவிடவுமில்லை. சிலர் திரும்பி வந்தனர். லிற்மனன் 2002இல் மீண்டும் வந்து ஆடினார். பிராங்க் டி போர் பயிற்றுநராகி 2011 முதல் 2014 வரை நான்கு லீக் வெற்றிகளைத் தொடர்ந்து ஈட்டினார். வான் டர் சார் 2016 முதல் 2023 வரை கழகத்தின் முதன்மை நிர்வாகியாக விளங்கினார். அவரது காலத்தில், 2019இல், மற்றோர் இளம் அஜாக்ஸ் அணி சம்பியன்ஸ் லீக் அரையிறுதியை எட்டி, இறுதிக் கணங்களில் ரொட்டன்ஹாம் கழகத்திடம் வாய்ப்பை இழந்தது. அந்தக் கோடையிலேயே மத்தைஸ் டி லிக்ட் யுவென்டஸுக்கும் பிரெங்கி டி யோங் பார்சலோனாவுக்கும் சென்றனர். இம்முறை கழகம் வெறுங்கையுடன் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் 75 மில்லியன் யூரோ அடிப்படைத் தொகையாகக் கிடைத்தது. நீண்ட ஒப்பந்தம் எழுதி, அது முடியுமுன் விற்பது என்னும் பாடத்தைக் கழகங்கள் கற்றுக்கொண்டிருந்தன.

ஆனால் கிண்ணம் வரவில்லை. 1995இன் பின் நெதர்லாந்துக் கழகம் எதுவும் ஐரோப்பிய சம்பியனானதில்லை. அதன் பின்னர் இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜேர்மனி, பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுக்கு வெளியேயிருந்து அக்கிண்ணத்தை வென்றது 2004இல் போர்த்துக்கலின் போர்ட்டோ மட்டுமே. அந்தக் கோடையிலேயே அதன் பயிற்றுநர் ஜோசே மொறீனியோ இரு பின்கள வீரர்களுடன் செல்சி கழகம் சேர்ந்தார்; டெக்கோ பார்சலோனா சேர்ந்தார்.

வளர்த்தவர்க்கு உரியது

அப்படியாயின் பொஸ்மன் தீர்ப்பு தவறானதா? அன்று. ஒப்பந்தம் முடிந்த மனிதனை முதலாளி தடுத்து வைத்திருப்பது எந்தத் தொழிலிலும் நீதியாகாது. கழகம் அழகாக ஆடுகிறது என்பதற்காக ஒருவனது உரிமையைப் பறிக்க முடியாது. அந்த உரிமையை வென்றெடுத்த பொஸ்மன் அதனால் செல்வந்தர் ஆகவில்லை. வழக்காடிய ஆண்டுகளில் அவரது ஆட்டக்காலம் கரைந்துபோயிற்று. அவர் திறந்த வாசலால் நடந்தவர்கள் வேறு பலர்.

தவறு வேறிடத்தில் உள்ளது. செல்பவனின் உரிமையைச் சட்டம் ஏற்றுக்கொண்டபோது, வளர்த்தவரின் உழைப்புக்கு என்ன ஈடு என்ற கேள்வி விடையின்றி விடப்பட்டது. 2001இல் ஐரோப்பிய ஆணைக்குழுவுடன் எட்டப்பட்ட இணக்கத்தின் பின் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் ஒரு பகுதி விடையைத் தந்தது. ஒப்பந்தக் காலத்துள் நாடு விட்டு நாடு விற்கப்படும் வீரரின் விலையில் 5 சதவீதம், அவர் 12 வயதுக்கும் 23 வயதுக்கும் இடையில் பயின்ற கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும். இளம் வீரர்களுக்கான பயிற்சி ஈட்டுத்தொகை தனியே உண்டு. விதிகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2024 ஒக்டோபரில் லசானா டியாரா வழக்கில் அதே லக்சம்பேர்க் நீதிமன்றம், ஒப்பந்தத்தை முறித்துச் செல்லும் வீரர்மீது சம்மேளனம் விதித்திருந்த சில கட்டுப்பாடுகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை எனக் கூறியது.

புலம்பெயர்ந்த நாடுகளின் புறநகர் மைதானங்களில் நம் பிள்ளைகளும் வார இறுதிகளில் பந்து உதைக்கின்றனர். அவர்களைப் பயிற்றுவிப்போரிற் பலர் ஊதியமின்றி உழைக்கும் பெற்றோரும் தொண்டர்களும். அந்த 5 சதவீதத்தில் பங்கு கோரும் தகுதி அத்தகைய சிறு கழகங்களுக்கும் உண்டு. ஆனால் பிள்ளை எந்த ஆண்டில், எந்தக் கழகத்தில் முறையாகப் பதிவாகியிருந்தான் என்பதற்கு ஆவணம் இருக்க வேண்டும். பதிவு இல்லையேல் பங்கும் இல்லை. ஆகவே பெற்றோரும் கழகச் செயலாளர்களும் அந்தப் பதிவுச் சீட்டுகளை ஆண்டுதோறும் புதுப்பித்துப் பத்திரப்படுத்துவது நன்று. பிள்ளை ஒருநாள் போகத்தான் போகிறான். அவனைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. எங்கிருந்து போனான் என்ற பதிவேனும் வளர்த்தவர் கையில் இருக்கட்டும்.