ஐந்து சைக்கிள்கள், நான்கு நாட்கள்

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலும் மண்ணெண்ணெயும் கிடைக்காதபோது நெல்மூட்டை, விறகு, நோயாளி, மணப்பெண் என்று எல்லாமே சைக்கிளில்தான் போயின. மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது கோடியில் சாத்தியிருந்த சைக்கிள்கள் மறுபடியும் வீதிக்கு வந்தன.

ஆனால் யோசித்துப் பார்த்தால், நாம் ஓடியதெல்லாம் தேவைக்குத்தான். சந்தைக்கு, வேலைக்கு, ரியூசனுக்கு, இடம்பெயர்வதற்கு. விருப்பத்துக்கு, ஊர் பார்ப்பதற்கு, நாலு நாள் சைக்கிள் ஓடலாம் என்று நான் முதலில் சொன்னபோது மாமி கேட்டது ஒரே கேள்விதான்.

“உனக்கென்ன விசரே பிள்ளை? பஸ் ஓடாமல் விட்டுட்டுதே?”

பஸ் ஓடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழி, சங்குப்பிட்டி, பூநகரி வழியாக மன்னாருக்குப் போகும் ஏ32 வீதி போருக்குப் பின் நன்றாகத் திருத்தப்பட்டுவிட்டது. 2011 தை மாதத்தில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் கடல்நீரேரியைத் தாண்ட வள்ளமும் வேண்டாம், பாதையும் வேண்டாம். மன்னார் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். மேடு பள்ளம் இல்லாத சமதரை. பழக்கமுள்ள கால்களுக்கு இதைவிட நல்ல வீதி கிடையாது என்றுதான் நான் கணக்குப் போட்டேன்.

என் கணக்கு பிழைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 ஆடி மாதம். எங்கள் ஐந்து பேருக்கும் ஒன்றாக லீவு கிடைத்த நாட்கள் அவை மட்டும்தான். நான், மச்சாள், அயல்வீட்டு ரீச்சர், தையல் வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுத் தங்கச்சி ஒருத்தி, என் சிநேகிதி. நாளொன்றுக்கு 55 கிலோமீற்றர் ஓடினால் இரண்டாம் நாள் பின்னேரம் மன்னார். காகிதத்தில் அழகாக இருந்தது. “ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்” என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. ஆடியில் வீசுவது சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. நாங்கள் போக நினைத்த மன்னாரும் தெற்குப் பக்கம்தான். நாவற்குழி தாண்டி வெட்டை வெளிக்கு வந்ததும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. மணிக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறவர்கள் ஆறுக்கும் ஏழுக்கும் இறங்கினோம். மலையேற்றம் என்றாலும் ஒரு இடத்தில் முடியும், பிறகு இறக்கம் வரும். எதிர்க்காற்றுக்கு இறக்கமே இல்லை. சங்குப்பிட்டிப் பாலத்தில் இறங்கி உருட்டினோம். பூநகரிச் சந்தியில் மச்சாள் தேநீர்க் கடை வாங்கில் படுத்துவிட்டா. ரீச்சருக்கு முழங்கால் வீங்கிப்போயிற்று. அன்று பின்னேரமே ஒரு சிறிய லொறி பிடித்துத் திரும்பினோம்.

வழியெல்லாம் நாங்கள் நால்வரும் ஆளையாள் குறைசொல்லிக்கொண்டு வந்தோம். சிநேகிதி மட்டும் ஒன்றும் பேசவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய ஊர் இலுப்பைக்கடவைக்கு அண்மையில். 2008இல் பிள்ளையை முன் பாரில் வைத்து, கரியரில் அரிசியும் உடுப்பும் கட்டி, சைக்கிளில் வெளிக்கிட்டவர். அந்தச் சைக்கிளை அடுத்த வருடம் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தார். தமக்கை மீள்குடியேறி ஊரில்தான் இருக்கிறா. பஸ்ஸில் இரண்டு தரம் போய்ப் பார்த்திருக்கிறார். “பஸ்ஸிலை கண்ணை மூடிக்கொண்டு போய் இறங்கலாம். அது போனமாதிரி இல்லை. சைக்கிளிலை வெளிக்கிட்டனான், சைக்கிளிலைதான் ஒருக்காப் போகவேணும்” என்று என்னிடம் முன்னரே சொல்லியிருந்தார். அதைத் தெரிந்துகொண்டும் நான் காற்றைப் பார்க்காமல் கலண்டரைப் பார்த்தேன்.

ஆகவே இரண்டாம் முறை காற்றிலிருந்துதான் திட்டத்தைத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. வைகாசி தொடக்கம் ஆவணி தாண்டியும் சோளகம். இரண்டுக்கும் நடுவில் மாசி மாதம் வருகிறது. மழை விட்டிருக்கும், வாடைக்காற்று இளைத்து முதுகுப் பக்கம் மெல்லத் தள்ளும், வெயிலும் இன்னும் கொளுத்தத் தொடங்கியிருக்காது. 2024 மாசியில் வெள்ளிக்கிழமைப் போயா ஒன்று வந்தது. சனி, ஞாயிறு, அதோடு திங்கள் ஒரு நாள் லீவு. சிவராத்திரிக்கு முன்னரே முடிப்பதென்றும் தீர்மானித்தோம். அந்த நாட்களில் திருக்கேதீச்சரம் பக்கம் தங்க ஒரு திண்ணையும் கிடைக்காது.

அடுத்தது தூரம். கூட்டத்தில் ஆகப் பலவீனமானவர் எவ்வளவு ஓடுவாரோ அதுதான் எல்லோருடைய தூரமும். முதல் நாள் பூநகரி வரை 30 கிலோமீற்றர் மட்டும். இரண்டாம் நாள் சிநேகிதியின் ஊர்வரை நாற்பதுக்குச் சற்று மேல். மூன்றாம் நாள் மன்னார். நான்காம் நாள் தலைமன்னார், அங்கிருந்து லொறியில் வீடு. காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டு பத்தரைக்கு முன் பெரும்பகுதியை முடித்து, நிழலில் மூன்றரை வரை படுத்துக் கிடப்பது. பொழுதுபட்ட பின் ஓடுவதில்லை, ஏனென்றால் அந்த வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும். முதல் நாளுக்கு 30 கிலோமீற்றர் என்றதும் தங்கச்சி சிரித்தாள். ஆனால் முதல் நாள் களைக்காதவர்கள்தான் இரண்டாம் நாள் ஆசையோடு எழும்புவார்கள். இன்பப் பயணத்துக்கும் தண்டனைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தப் பத்து இருபது கிலோமீற்றரில்தான் இருக்கிறது.

சைக்கிளுக்காக நாங்கள் புதிதாகச் செலவழிக்கவில்லை. கியர் உள்ள சைக்கிள் எங்களில் ஒருத்தரிடமும் இல்லை. எல்லாம் கரியரும் கூடையும் உள்ள சாதாரண பெண்கள் சைக்கிள்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கடைக்குக் கொண்டுபோய் ரயர், பிறேக் கட்டைகள், செயின் மூன்றையும் பார்ப்பித்தோம். முதல் நாள் மாலை கொண்டுபோகாதீர்கள். புதிதாகப் பூட்டிய எதுவும் சில நாள் ஓடினால்தான் தன் குறையைக் காட்டும். சீற்றின் உயரத்தையும் திருத்தினோம். பெடல் கீழே வரும்போது குதிக்காலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். நம்மில் பலர் காலை ஊன்றுவதற்கு வசதியாகச் சீற்றைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். சந்தைக்குப் போய்வர அது பரவாயில்லை, நாற்பது கிலோமீற்றருக்கு முழங்கால் போய்விடும். ரீச்சரின் வீக்கத்துக்கு அதுதான் காரணம் என்று எனக்கு இப்போது படுகிறது.

பம், ஒட்டுப்போடும் சாமான், இரண்டு ரியூப், ஸ்பனர், ஒரு துண்டுக் கம்பி, பழைய துணி. இவ்வளவும் ஒரு பையில், ஐந்து பேருக்கும் ஒன்றாக. ஒட்டுப்போட மூன்று பேராவது பழகிக்கொண்டோம். தங்கச்சியின் தகப்பன் முற்றத்தில் வைத்துப் பழக்கினார்.

பாரம்தான் பெரிய சண்டை. மச்சாள் நான்கு நாளைக்கு ஏழு உடுப்பு கட்டியிருந்தா. ஆளுக்கு ஐந்து கிலோ என்று தராசில் நிறுத்து முடிவு செய்தோம். பாரத்தை முதுகில் மாட்டக்கூடாது, கூடையிலும் நிறையப் போடக்கூடாது, ஹான்டில் ஆடும். கரியரின் இரு பக்கமும் சமமாக, தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். உரப்பையைத் தைத்துத் தங்கச்சியே இரட்டைப் பைகள் செய்து தந்தாள். சோல் செயினில் சிக்கும் என்பதால் அதை வீட்டில் விட்டோம். நீளக்கை சேட், காற்சட்டை, தொப்பி. மாதவிடாய் நாட்களையும் கூச்சப்படாமல் முன்கூட்டியே பேசிக்கொண்டோம். இருவருக்கு அந்த நாட்கள் வந்தன. அதற்கேற்ப பத்தரை மணி ஓய்வை ஒவ்வொரு நாளும் கிணறும் மலசலகூடமும் உள்ள வீடு அல்லது கோயில் மடத்தில் வைத்தோம். வெட்டை வெளி வீதியில் ஆண்களுக்கு இல்லாத இந்தப் பிரச்சினையை யோசிக்காமல் போட்ட திட்டம் பெண்களுக்கான திட்டமல்ல. தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு ஓடி வருத்தம் தேடிக்கொள்வது நம் பழக்கம். ஆளுக்கு இரண்டு லீற்றர் போத்தல், குடித்து முடிப்பது கட்டாயம் என்று விதித்தோம்.

சாப்பாட்டுக்குப் பொரிவிளாங்காய், எள்ளுப்பாகு, பனங்கட்டி, வாழைப்பழம், உப்பும் தேசிக்காயும். கடையில் கிடைத்தால் பாணும் சம்பலும். தங்குவதற்கு ஒரு கன்னியர் மடத்துக்கும் இரண்டு வீடுகளுக்கும் முன்னரே ரெலிபோன் எடுத்தோம்.

வீட்டுத் திட்டம்தான் எல்லாவற்றிலும் கடினம். சைக்கிளுக்கு ஒரு மாதம் போயிற்று, வீட்டுக்கு இரண்டு மாதம். “பிள்ளையளை ஆர் பாக்கிறது?” என்று மச்சாளின் வீட்டில் கேட்டார்கள். பிள்ளைகளுக்குத் தகப்பன் இருக்கிறாரே என்று மச்சாள் சொல்ல, வீடு சிரித்ததாம். அவர் சிரிக்கவில்லை. நான்கு நாளும் சோறும் பருப்பும்தான் சமைத்தாராம், பிள்ளைகள் உயிரோடுதான் இருக்கிறார்கள். நான்காவது நாளுக்கு மீன் பொரிக்கவும் பழகியிருந்தார்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு பாரத்தையும் கட்டிக்கொண்டு காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போய்வந்தோம். போக வர நாற்பதுக்குக் கிட்ட. என் கரியர் ஆணி கழன்றது, ரீச்சரின் பை சில்லில் உரசியது. எல்லாம் அங்கேயே தெரிந்தது நல்லதாயிற்று. இந்த ஒத்திகை ஓட்டத்தை மட்டும் தயவுசெய்து யாரும் விட்டுவிட வேண்டாம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஏனென்றால் அது சுகமாக நடந்தது. பூநகரிக்கு ஒன்பதரைக்கே போய்விட்டோம். பழைய கோட்டையின் இடிபாடுகளைப் பார்த்தோம், மொட்டைக்கறுப்பன் அரிசிக் கஞ்சி குடித்தோம், மத்தியானம் முழுக்க நித்திரை கொண்டோம். எவர் பின்தங்குகிறாரோ அவரையே முன்னுக்கு விட்டோம். வேகத்தை அவர் தீர்மானித்தார்.

இரண்டாம் நாள் முழங்காவில், வெள்ளாங்குளம் தாண்டி, வெயில் தாழ்ந்த நேரத்தில் சிநேகிதியின் ஊர் கிட்டியது. மதகு ஒன்றின் அருகே அவர் பிறேக் பிடித்தார். நாங்களும் நின்றோம்.

“இதிலைதான் செயின் கழண்டது” என்றார். “பிள்ளை பாரிலை. செல் விழுந்துகொண்டிருக்கு. கை நடுங்குது, செயின் ஏறுதில்லை. பின்னாலை வந்த ஆரோ ஒரு அம்மா இறங்கி ஏத்தித் தந்திட்டுப் போனவ. முகம்கூட நினைவில்லை.”

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு மதகில் இருந்தார். போத்தல் தண்ணீரை முழுக்கக் குடித்தார். பிறகு ஏறி முன்னுக்கு ஓடினார், அந்த நாலு நாளில் எங்களால் எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில். வீட்டு வாசலில் தமக்கை வாளியில் தண்ணீரோடு நின்றா. இரவு நண்டுக்கறி.

மூன்றாம் நாள் விடத்தல்தீவு, திருக்கேதீச்சரம், மன்னார்ப் பாலம். பாலத்தின் இரு பக்கமும் நீர்ப்பறவைகள், ஊருக்குள் கழுதைகள். பள்ளிமுனையில் பெருக்கமரத்தைக் கை கோத்துச் சுற்றிப் பார்த்தோம், ஐந்து பேர் போதவில்லை. தலைமன்னார் போகும் வழியில் காற்றாலைகள் தெரிந்தன. 2020இல் திறக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் முப்பது காற்றாலைகள். இவ்வளவு காற்றாலையை அரசாங்கம் சும்மாவா நட்டது, ஆடியில் வரமுதல் நீ ஒருக்கா யோசித்திருக்கலாமே என்று ரீச்சர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

செலவு ஆளுக்குச் சிறிய தொகைதான். அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்த லொறிக்கூலி. ஒரே ஒரு பஞ்சர், அதுவும் மன்னார் நகருக்குள், சைக்கிள் கடைக்கு முன்னால்.

லொறியின் பின்பக்கம் சைக்கிள்களுக்கு நடுவே இருந்து வரும்போது, அடுத்தமுறை பரந்தனால் திரும்பி முல்லைத்தீவுக்குப் போவோம் என்றாள் தங்கச்சி. அவளுக்கு அப்போது ஏழு வயது, கடற்கரை மட்டும் நினைவிருக்கிறதாம். நான் சிநேகிதியைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

“அது எத்தனை கிலோமீற்றர்?”